களரியின் ஓரத்தில் இருந்தவர்

வட்டக்களரியின் நடுவே கோவலன் ஆடுகின்றான். மத்தளம் அதிர்கின்றது, தாளம் ஒலிக்கின்றது. ஆடுபவன் ஓர் அடியைப் பாடி நிறுத்துகின்றான். ஓரத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் பலர் அதனை ஒரே குரலாக ஏந்தி மீண்டும் பாடுகின்றனர். சுற்றியிருக்கும் சனங்களுள்ளும் பலர் அதே அடியை வாய்க்குள் முணுமுணுக்கின்றனர். எல்லோர் கண்ணும் ஆடுபவன் மேல் இருக்கும் அவ்வேளையில், விளக்கின் அருகே பழுப்பேறிய கொப்பியொன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கின்றார். அடி தவறினால் மெல்ல எடுத்துக் கொடுப்பவர் அவர். ஒத்திகைக்கு நாள் குறித்தவரும், உடுப்புக்கும் விளக்குக்கும் வீடு வீடாகப் பணம் சேர்த்தவரும், பொழுது புலர்ந்தபின் ஊராருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவரும் அவரோ அவரைப் போன்ற இன்னொருவரோதான்.

கலை வரலாறு எழுதுவோர் ஆடியவனை நினைவு கூர்கின்றனர். பாட்டை இயற்றிய புலவனையும் போற்றுகின்றனர். கொப்பியை வைத்திருந்தவரின் பெயரை ஒருவரும் குறித்து வைப்பதில்லை. ஆயினும் தனியொருவன் பாடும் பாட்டுக்கும் ஊர் கூடிப் பாடும் பாட்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. தனிப்பாட்டுக்கு ஒரு குரல் போதும். கூட்டுப் பாட்டுக்கோ கூட்டுவிப்பார் ஒருவர் வேண்டும். இடம், நேரம், பணம், பாடம், பிணக்குத் தீர்த்தல் என்னும் இவ்வைந்தையும் பார்ப்பார் இல்லாவிடின் எத்துணை இனிய குரல்களும் தனித்தனியே கலைந்து போகும். ஈழத்தின் வன்னி நிலத்தில் இப்பணியைச் செய்தவர் யாவர், அவர் பெற்ற பயிற்சி யாது, அப்பணி தடைப்பட்டபோது நேர்ந்தது என்ன என்பவற்றை ஆராய்வது, பெயர் அறியப்படாத அம்மனிதர்க்குச் செய்யும் சிறு கைம்மாறாகும்.

முல்லைத்தீவு நகரின் வடக்கே வட்டுவாகற் பாலத்தைக் கடந்தால் வருவது முள்ளிவாய்க்கால். ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் நந்திக்கடல் என்னும் பரவைக் கடல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றரை. நந்திக்கடலின் மறுகரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் இருக்கின்றது. மதுரையை எரித்த கண்ணகி சினம் தணியாது தெற்கு நோக்கி வந்து, இலங்கையில் பல இடங்களில் தங்கி, பத்தாவதாக இங்கே இளைப்பாறினாள் என்பது மக்கள் வழங்கும் கதை. மூதாட்டி வடிவில் வந்த அவளுக்கு மாடு மேய்க்கும் சிறுவர் பொங்கிப் படைத்தனர் என்றும், விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்று அவர் தயங்கியபோது கடல்நீரை ஊற்றி ஏற்றுமாறு அவள் பணித்தாள் என்றும் கூறுவர். கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் அக்கோவிலில் இன்றும் உண்டு.

வைகாசி மாதத்தில் நிகழும் அப்பெரும் பொங்கலின் ஒழுங்கு ஊன்றி நோக்கத் தக்கது. முதலில் பாக்குத்தெண்டல் என்னும் சடங்கு. வழக்கப்படி செல்லவேண்டிய வீடுகளுக்குச் சென்று பாக்குப் பெற்று வருவது அது. அதன்பின் தீர்த்தம் எடுத்தல்: முல்லைத்தீவுக் கடலிலிருந்து நீர் முகந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலுக்குக் கொண்டு வருவர். அங்கே விளக்கு எரியும். விநாயகருக்குப் பொங்கல் நிகழும். பின்னரே வற்றாப்பளைக்குச் செல்வர். பாக்குத்தெண்டலைப் பக்திச் சடங்காக மட்டும் காண்போர் அதன் மற்றொரு பயனைக் காணத் தவறுவர். இன்ன நாளில் பொங்கல், இன்னார் இன்ன கடமைக்கு ஆயத்தமாகுக என்று ஊருக்குச் சொல்லாமற் சொல்லும் அறிவித்தலும் அதனுள் அடங்கியிருக்கின்றது. அழைப்பிதழும் கூட்ட அறிக்கையும் இல்லாத காலத்தில், ஒரு பெருங்கூட்டத்தை ஒழுங்கு செய்யும் கலையை அந்த ஊர்கள் சடங்காகவே கற்று வைத்திருந்தன.

இவ்வழிபாட்டைச் சூழ்ந்து பாட்டும் கூத்தும் வளர்ந்தன. கண்ணகி கதையை மட்டக்களப்பு மக்கள் கண்ணகி வழக்குரையாகப் படிப்பர். வடபகுதியில் அது கோவலனார் கதை என வழங்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் அக்கதை கோவலன் கூத்தாக ஆடப்பெற்றது. உள்நாட்டு வயல் ஊர்களிலோ வேறு வகைப் பாட்டுகள். அரிவு வெட்டும்போது ஒருவர் முன்பாடப் பலர் பின்பாடுவர். பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு என்பன பயிரைக் காக்கும் உழவரின் கவலையிலிருந்து பிறந்தவை. குமுளமுனையில் யானையை அடக்கிய அரியாத்தை என்னும் பெண்ணின் கதையைச் சொல்லும் ஒப்பாரியும் வன்னிக்கே உரியது. காத்தவராயன் கூத்தோ வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒருங்கே பயின்றது. இவை யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: முன்பாடுபவன் ஒருவன் ஆயினும் பாட்டு பலருடையது.

இப்பலரையும் ஒரு பாட்டுக்குள் கொண்டு வந்தவர் அண்ணாவியார். அண்ணாவி என்னும் சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் தரும் பொருள்களை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பள்ளிக்கூடத்து உபாத்தியாயரும் அண்ணாவி. கூத்துப் பழக்குபவரும் அண்ணாவி. எழுத்தறிவித்தவனையும் ஆட்டம் பழக்கியவனையும் நம் முன்னோர் ஒரே பெயரால் அழைத்தனர். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. திண்ணைப் பள்ளியில் அண்ணாவி முன்சொல்ல மாணாக்கர் பின்சொல்லி மனனம் செய்தனர். கூத்துப் பழகும் முற்றத்திலும் அதே முறைதான்: அண்ணாவியார் தருவைப் பாட, ஆடுவோர் அதனைத் திருப்பிப் பாடிக் கற்றனர். எழுத வாசிக்கத் தெரியாத உழவனும் மீனவனும் நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சில் நிறுத்தியது இம்முறையாலேயே. கூத்துப் பழகிய மாதங்கள் அவர்களுக்குப் பள்ளி சென்ற மாதங்களாக இருந்தன.

அண்ணாவியாரின் பணி பழக்குவதோடு முடியவில்லை. இன்னாருக்கு இன்ன வேடம் என்று தீர்ப்பது எளிய செயலன்று. அரச வேடம் தனக்கு வேண்டும் என்பார் இருவர் இருப்பர். தன் மகனுக்கு நேரம் குறைந்தது என்பார் ஒருவர் இருப்பர். குடும்பப் பகையும் குலப் பெருமையும் களரிக்குள் நுழையப் பார்க்கும். பணம் கொடுத்தவரின் குரல் சற்று உரத்து ஒலிக்கும். இவற்றையெல்லாம் சமாளித்து அரங்கேற்றம் வரை ஊரைக் கொண்டு செல்வதற்கு இசையறிவு மட்டும் போதாது. நிருவாகத் திறன் என்று இக்காலத்தார் சொல்லுவதை அவர் அந்தச் சொல் இல்லாமலே கைக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டிலும் பாடசாலைகள் பெருகியபோது இந்த ஒரு பெயர் இரண்டாகப் பிரிந்தது. உபாத்தியாயர் சம்பளம் பெறும் ஆசிரியரானார். கூத்து அண்ணாவியார் ஊரோடு நின்றார். கற்றவர் கூட்டம் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத் தொடங்கியது. பாடசாலை மேடையில் பார்சி நாடகச் சாயல் கொண்ட சபா நாடகங்களும், பின்னர் ஆங்கில நாடகத் தழுவல்களும் இடம் பிடித்தன. அதே ஊரில், அதே இரவில், ஒரு புறம் கல்லூரி மேடை, மறுபுறம் வட்டக்களரி. இரண்டுக்கும் இடையே போக்குவரவு குறைந்தது. கொப்பியைப் படித்துத் திருத்தி எழுதக்கூடிய கல்வி ஓரிடத்தில் இருந்தது. பாட்டு வேறோரிடத்தில் இருந்தது. ஒரு கலைக்கு இதனினும் பெரிய இடர் வேறில்லை.

பிரிந்த இவ்விரண்டையும் மீண்டும் இணைக்க முயன்றவருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1924ஆம் ஆண்டு பிறந்த அவர் இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கைக் கலைக்கழகம் அமைந்தது. 1950களின் பிற்பகுதியில் அதன் தமிழ் நாடகக் குழுவின் தலைமை அவருக்குக் கிடைத்தது. குழுத் தலைவர் என்ற பதவி பெரும்பாலும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக் கையொப்பமிடுவதோடு முடிந்துவிடும். வித்தியானந்தனோ அந்தப் பதவியைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குச் சென்றார்.

கூத்துகளை அவர் ஆடுமிடத்திலேயே கண்டார். அண்ணாவிமாரை ஒருங்கு கூட்டினார். அவர்களைச் சபையில் வைத்துப் பாராட்டினார். பாடசாலைகளுக்கிடையே நாட்டுக்கூத்துப் போட்டிகள் நடைபெற வழி செய்தார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த நாடகங்கள் அச்சேறின. அலங்காரரூபன் நாடகம் 1962ஆம் ஆண்டிலும், மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க மரபைச் சேர்ந்த எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964ஆம் ஆண்டிலும், மூவிராசாக்கள் நாடகம் 1966ஆம் ஆண்டிலும் அவர் பதிப்பில் வெளிவந்தன. ஒரு கிராமத்தில் ஒருவர் மடியில் இருந்த கொப்பி நூலகத்தின் தட்டில் ஏறியது. அன்று அது சிறு செயலாகத் தோன்றியிருக்கக்கூடும். அரை நூற்றாண்டு கழிந்தபின் அதன் பெறுமதி வேறு விதமாக விளங்கிற்று.

அவருடைய முயற்சிக்குப் பக்கத்திலேயே ஓர் ஊக்கம் இருந்தது. பேராதனையில் உடன் பணியாற்றிய பேராசிரியர் எதிரிவீர சரத்சந்திர 1956ஆம் ஆண்டு மனமே என்னும் சிங்கள நாடகத்தை அரங்கேற்றினார். சிங்கள நாடகம மரபிலிருந்து உருவான அந்நாடகம் பெரும் புகழ் பெற்றது. அந்த நாடகம மரபோ தமிழ்க் கூத்துக்குக் கடன்பட்டது. கடன் கொடுத்தவர் வீட்டில் விளக்கு அணைந்திருக்க, பெற்றவர் வீட்டில் விழா நடந்தது. இதனைக் கண்ட வித்தியானந்தன் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962ஆம் ஆண்டு கர்ணன் போர் என்னும் கூத்தை மேடையேற்றினார். நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பன அடுத்தடுத்து வந்தன. ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் மட்டக்களப்பு அண்ணாவியார். பழகியோர் பட்டப்படிப்பு மாணவர். பள்ளிக்கூட அண்ணாவியும் கூத்து அண்ணாவியும் நெடுங்காலத்தின்பின் ஒரே முற்றத்தில் நின்றனர்.

இதற்கு மறுப்பும் எழுந்தது. அதனை மறைப்பது நியாயமன்று. இரவு முழுவதும் ஆடிய கூத்தை ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்குவது கூத்தாகுமா என்று கேட்டனர். நாற்புறமும் சனங்கள் சூழ ஆடியதை ஒரு புறம் மட்டும் திறந்த மேடையில் ஏற்றினால், சூழ்ந்திருந்து உடன்பாடிய ஊரார் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவர் அல்லவா என்றும் கேட்டனர். போட்டியும் பரிசும் வந்தால் நடுவர்க்குப் பிடித்தமான முறையிலே எல்லாக் கூத்தும் ஒன்றுபோல் ஆகிவிடும் என்பாரும் இருந்தனர். இம்மறுப்புகளில் உண்மை உண்டு. குழுவும் சட்டமும் கலையைக் காக்கும். அளவு மீறினால் கலையை அறைக்குள் பூட்டியும் வைக்கும். மறுபுறம் மற்றோர் உண்மையும் உண்டு. ஆண்களே பெண் வேடம் புனைந்த களரியின் இடத்தில், பாடசாலையும் பல்கலைக்கழகமும் பெண்களுக்கு மேடையைத் திறந்து வைத்தன. ஊரின் குரலில் பாதி அதுவரை களரிக்கு வெளியேதான் இருந்தது.

வித்தியானந்தனின் மாணாக்கர் பலர் ஆசிரியராயினர். கர்ணன் போரில் ஆடிய சி. மௌனகுரு பட்டம் பெற்றபின் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் பல்கலைக்கழகங்களில் அரங்கியல் கற்பித்தார். வித்தியானந்தனோ 1974ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகி 1989ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். வன்னியிலும் இத்தகைய ஆசிரியர்கள் எழுந்தனர். முள்ளியவளையைச் சேர்ந்த ஆசிரியர் வே. சுப்பிரமணியம், முல்லைமணி என்னும் புனைபெயரில் பண்டாரவன்னியன் நாடகத்தை எழுதினார். யாழ்ப்பாணத்தில் பாடசாலை ஆசிரியரான குழந்தை ம. சண்முகலிங்கம் 1978ஆம் ஆண்டு நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கினார். பலர் சேர்ந்து ஒரே குரலாய்ப் பாடியும் பேசியும் கதையை நடத்தும் முறை அவர் நாடகங்களில் சிறப்பிடம் பெற்றது. 1985ஆம் ஆண்டு மேடையேறிய மண் சுமந்த மேனியர் அதற்குச் சான்று. வேடம் கிடைக்காத மாணவனுக்கும் கூட்டுக் குரலில் இடம் உண்டு என்பது ஓர் ஆசிரியரின் உள்ளத்திலேயே தோன்றக்கூடிய எண்ணமாகும்.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டிலும் இத்தகைய ஒருவர் வாழ்ந்தார். எம். பி. சீனிவாசன் 1925ஆம் ஆண்டு பிறந்தவர். திரைப்படத்துக்கு இசையமைத்தவர் என்றே பலர் அவரை அறிவர். 1960ஆம் ஆண்டு வெளிவந்த பாதை தெரியுது பார் என்னும் தமிழ்ப் படத்தின் இசை அவருடையது. மலையாளத் திரையில் அவர் பெற்ற புகழ் பெரிது. ஆயினும் அவர் வாழ்வின் மற்றொரு பாதி சங்கப் பணியில் கழிந்தது. திரைப்பட இசைக் கலைஞர்களுக்கென ஒரு சங்கம் அமைய அவர் உழைத்தார். வாத்தியக்காரர் பெறவேண்டிய கூலி, அவர்க்குச் சேரவேண்டிய உரிமை, வேலை நேரம் ஆகியவற்றுக்காக அவர் பேசினார், எழுதினார், கூட்டம் கூட்டினார். இசை வல்லார் பலர் வெறுக்கும் காரியங்கள் இவை. அவரோ இவற்றையும் இசையின் பகுதியாகவே எண்ணினார்.

1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் இசைக்குழு என்னும் சேர்ந்திசைக் குழுவை அவர் அமைத்தார். இசையைப் பிழைப்பாகக் கொள்ளாத இளைஞரும் மங்கையரும் அலுவல் முடிந்தபின் வந்து பாடும் குழு அது. கருநாடக இசை தனிக்குரலின் இசை. கமகமும் கற்பனையும் தனியொருவரின் தேர்ச்சியைச் சார்ந்தவை. அவ்விசை மரபில் வளர்ந்த செவிக்குப் பல குரல்கள் பல சுரங்களில் ஒரே நேரத்தில் ஒலிப்பது புதுமை. பாரதியார் பாடல்களை அவ்வாறு பலகுரல் இசையாக அமைத்துப் பயிற்றினார் சீனிவாசன். வாழ்வின் பிற்பகுதியில் பாடசாலைப் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பழக்கும் ஆசிரியர்களுக்கும் சேர்ந்து பாடக் கற்பிப்பதையே பெரும் பணியாகக் கொண்டார். 1988ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலட்சத்தீவில் அவர் உயிர் பிரிந்தது. குழந்தைகளுக்குச் சேர்ந்திசை பயிற்றவே அவர் அங்கே சென்றிருந்தார். சங்கத்தின் மேசையிலிருந்து எழுந்து பள்ளிப் பிள்ளைகளின் முன்னே நின்றது ஒரு கலைஞனின் இறக்கம் அன்று. அவர் அமைத்த குழு அவருக்குப் பின்னும் பாடியது. தலைவர் மறைந்தபின்னும் நிலைத்தல் ஒன்றே நிருவாகத்தின் உரைகல்.

உலகின் மற்றோர் எல்லையிலும் இதே உண்மையைக் காணலாம். எசுத்தோனியா என்பது பால்டிக் கடலோரத்துச் சிறு நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது உருசியப் பேரரசின் கீழ் இருந்தது; நிலமும் அதிகாரமும் செருமானியப் பிரபுக்கள் கையில் இருந்தன. ஊர்த் தேவாலயத்திலும் பாடசாலையிலும் பணியாற்றிய யான்சன் என்னும் ஆசிரியர் 1857ஆம் ஆண்டு அம்மக்கள் மொழியில் ஒரு செய்தித்தாளைத் தொடக்கினார். 1865ஆம் ஆண்டு தார்த்து நகரில் வனெமுயினே என்னும் பாடற் கழகம் எழ முன்னின்றார். அக்கழகமே 1869ஆம் ஆண்டு அந்நாட்டின் முதற் பாடற் பெருவிழாவை நடத்தியது. ஊர்தோறும் பாடகர் குழுவைப் பழக்கியோருள் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்களே. போரும் ஆட்சி மாற்றங்களும் வந்தபோதும் அவ்விழா மீண்டும் மீண்டும் கூடியது. 1980களின் இறுதியில் அம்மக்கள் இலட்சக்கணக்கில் ஒன்றுதிரண்டு பாடியே தம் விடுதலை வேட்கையை உலகறியச் செய்தனர். பாடுவோரை ஒழுங்காகக் கூட்டும் பழக்கம் நூற்றிருபது ஆண்டுகளாக அவர்களிடம் இருந்தமையால் அது கைகூடிற்று.

வன்னிக்கு அத்தகைய தொடர்ச்சி வாய்க்கவில்லை. நெடும் போரில் அந்நிலத்து மக்கள் மீண்டும் மீண்டும் இடம் பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவின் எல்லாப் புறங்களிலிருந்தும் நகர்ந்த மக்கள் இறுதியாக நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய மணற்றரையில் நெருக்குண்டனர். முள்ளிவாய்க்கால் என்னும் பெயரை உலகம் அறிந்தது அப்போதுதான். பல்லாயிரம் உயிர்கள் அங்கே மடிந்தன. மே மாதத்தில் போர் முடிந்தது. எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம்களுள் பெரியதாகிய மனிக்பாம் 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

பதுங்குகுழிக்கும் பதுங்குகுழிக்கும் இடையே ஓடும் ஒருவர் எதனை எடுத்துச் செல்வார்? கைக்குழந்தையை எடுப்பார்; முதியவரைத் தாங்குவார்; அரிசியும் தண்ணீரும் சுமப்பார். கூத்துக் கொப்பியை எடுப்பார் என்று எவரும் எதிர்பார்த்தல் ஆகாது. மத்தளமும் உடுப்பும் முடியும் சொல்லவே வேண்டியதில்லை. அந்த மணலில் விடப்பட்டவை எவை என்று கணக்கெடுத்தார் எவரும் இலர். ஆயின் விடப்படாதவை எவை என்று கணக்கிட முடியும். அச்சேறி வேறிடத்து நூலகத்தில் இருந்தவை தப்பின. பலர் கற்றுப் பல ஊர்களில் பாடியவை தப்பின. பாடசாலையில் பழகி, பட்டம் பெற்று, வேறு மாவட்டத்துக்கும் வேறு நாட்டுக்கும் சென்றவர் நெஞ்சில் இருந்தவை தப்பின. ஒரே கொப்பியிலும் ஒரே முதியவர் நினைவிலும் தங்கியிருந்தவையே மிகுந்த இடருக்கு உட்பட்டன. கலைக்கழகத்தின் கூட்ட அறிக்கைகளும் பாடசாலைப் போட்டிகளும் அச்சுக்கூடத்துத் தாள்களும் எத்தகைய காவலாக இருந்தன என்பது இந்தக் கணக்கில் தெளிவாகின்றது.

மற்றொன்றும் தப்பியது, அது எழுதப்படாத ஒழுங்கு. போருக்குப் பின் மக்கள் ஊர் திரும்பியபோது வற்றாப்பளைப் பொங்கல் மீண்டும் பெருங்கூட்டத்தோடு நடைபெறலாயிற்று. பாக்குத்தெண்டல் நிகழ்கின்றது, கடல்நீர் முகக்கப்படுகின்றது, காட்டு விநாயகர் கோவிலில் விளக்கு எரிகின்றது. எந்தக் கடமைக்குப்பின் எந்தக் கடமை என்பதை ஒருவருக்கும் புத்தகத்தில் காட்ட வேண்டியிருக்கவில்லை. வீடு இழந்தவர்க்கும் தம் கடமை எது என்பது நினைவில் இருந்தது. இழந்தவற்றை எண்ணி அழும் நெஞ்சுக்கு, இன்ன நாளில் இன்ன இடத்தில் நீ வரவேண்டும் என்னும் அழைப்பு ஓர் ஊன்றுகோல். கூட்டுப் பாட்டின் முதற் பயனும் இதுவே. அது துயரத்தை ஆற்றிவிடும் என்று துணிந்து சொல்லுதல் மிகையாகும். துயரமுற்றோரைத் தனியே விடாது என்று சொல்லுதல் தகும்.

சடங்குக்கு ஆயிரம் கண்கள் காவல். கூத்துக்கும் பாட்டுக்கும் அத்துணைக் காவல் இல்லை. ஒரு தலைமுறை பழகாவிடின் அடுத்த தலைமுறை கேட்டதும் இராது. ஆதலின் வன்னியின் கூட்டுப் பாட்டு நிலைபெறுவதற்கு வேண்டியவை மூன்று. முதியவர் நினைவில் எஞ்சியதைப் பதிவு செய்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் ஒன்று. பாடசாலையில் அதனைப் பரிசுக்குரிய இருபது நிமிட நிகழ்ச்சியாக மட்டும் கொள்ளாது, ஆண்டு முழுதும் பழகும் பாடமாகக் கொள்ளுதல் இரண்டு. பாடசாலைக்கும் ஊருக்கும் இடையே ஒரு சபை அமைந்து, வாயிற்கதவை இரு பக்கமும் திறந்து வைத்தல் மூன்று. அச்சபைக்குப் போஷகர் பலர் எளிதிற் கிடைப்பர். வேண்டியவர் உழைக்கும் காரியதரிசி, நேர்மையான தனாதிகாரி, இவ்விருவரினும் அரியவர், தன் பெயர் அழைப்பிதழில் இல்லாதபோதும் ஒத்திகைக்கு முதலில் வந்து கதவு திறக்கும் ஒருவர்.

அத்தகையோர் பெரும்பாலும் ஆசிரியராயிருப்பதன் காரணம் தெளிவு. பலரை ஓரிடத்தில் இருத்தி, ஒரே பாடத்தை வெவ்வேறு திறமையுள்ளார்க்குப் புகட்டி, பிழை செய்தவனை நாணச் செய்யாது திருத்தி, ஆண்டின் இறுதியில் அவர்களை அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தோடு முதலிலிருந்து தொடங்குவது ஆசிரியர் நாள்தோறும் செய்யும் தொழில். அலுவலகத்தில் கோவைகளோடு பழகியவர் பாடசாலைக்கு வரும்போது கணக்கும் ஒழுங்கும் கொண்டு வருகின்றார். பாடசாலையில் பிள்ளைகளோடு பழகியவர் சபைக்குச் செல்லும்போது பொறுமையைக் கொண்டு செல்கின்றார். இரண்டும் சேர்ந்த இடத்தில் பாட்டு நீண்டகாலம் வாழும். அண்ணாவி என்னும் பழைய சொல் இவ்விரண்டையும் ஒரு காலத்தில் தன்னுள் அடக்கியிருந்தது. அந்தச் சொல்லின் பொருளை மீட்பதே இப்போது செய்யத்தக்கது.

நந்திக்கடலின் மேல் காற்று வைகாசியிலும் வீசும், மார்கழியிலும் வீசும். அதன் கரையில் என்றேனும் ஓர் இரவு கோவலன் ஆடுவான். அவன் நிறுத்திய அடியைப் பலர் ஏந்திப் பாடுவர். கேட்போர் ஆடுபவனைக் கண்டு மகிழ்க. கணப்பொழுது கண்ணைத் திருப்பிக் களரியின் ஓரத்தையும் நோக்குக. அங்கே புதிய கொப்பியொன்றில் பழைய பாட்டுகளை எழுதி வைத்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருப்பாராயின், அருகிலே அதனை எட்டிப் பார்க்கும் சிறுமி ஒருத்தியும் இருப்பாளாயின், அந்த ஊர் தன் குரலை இழக்கவில்லை என்று துணியலாம்.